ஏலக்காய் போடியிலா விளைகிறது?

(போடிநாயக்கனூரில் இளைஞர்களும் வியாபாரிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இணையத்தில் வரைபடம் போடுவது மெத்தப் படித்தவர்களின் வேலை என்று எண்ணி ஒதுங்கி விடாதீர்கள். பேரேடு எழுதத் தெரிந்த உங்களுக்கு இது கைவராத வித்தை அல்ல. ஒரு பட்டியலில் ஐந்து கட்டங்கள் போதும்: இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, எண்ணிக்கை. அந்தப் பட்டியலைக் கூகுளின் 'மை மேப்ஸ்' பக்கத்திலோ, 'ஓபன் ஸ்ட்ரீட் மேப்' வரைபடத்தின் மேல் இயங்கும் 'யுமேப்' பக்கத்திலோ ஏற்றுங்கள். காசு கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு வரியும் ஒரு புள்ளியாக நிற்கும். தொட்டால் விவரம் விரியும்.

போடி சுமார் 10 பாகை வடக்கு, 77 பாகை கிழக்கு. இரண்டையும் மாற்றி எழுதினால் நம் ஊர் வடதுருவத்தை ஒட்டிய கடலில் போய் விழும்! இந்தத் தவறு பார்த்தவுடன் தெரிந்து விடும், திருத்தி விடலாம். கண்ணுக்குத் தெரியாத தவறுதான் ஆபத்தானது.

உதாரணம் சொல்கிறேன். ஏலக்காய் மின்னணு ஏலத்தின் விவரங்களை ஸ்பைசஸ் போர்டு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. தேதி, ஏலம் நடத்திய நிறுவனம், வந்த அளவு, விற்ற அளவு, உச்ச விலை, சராசரி விலை எல்லாம் அதில் உண்டு. போடி ஏல மையத்துக்கு வந்த அளவை வரைபடத்தில் ஒரு பெரிய வட்டமாகப் போடுகிறீர்கள் என்று வையுங்கள். வெளியூர்க்காரர் என்ன நினைப்பார்? ஏலக்காய் போடியில்தான் விளைகிறது என்று நினைக்க மாட்டாரா? விளைவது மேலே வண்டன்மேட்டிலும் நெடுங்கண்டத்திலும் உடும்பன்சோலையிலும் என்பது உங்களுக்குத் தெரியும். எண் பொய்யல்ல, அதை வைத்த இடம் பொய்யாகி விட்டது!

விலையைப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அது உச்ச விலை. அன்றைய சராசரி அதற்கு வெகு கீழே இருந்தது. உச்ச விலையை மட்டும் வரைபடத்தில் ஒட்டி வைத்தால், 'வியாபாரி கொள்ளையடித்தான்' என்று கதை கிளம்பும். 2018 ஆகஸ்டில் இடுக்கியை உலுக்கிய வெள்ளத்தையும் நிலச்சரிவுகளையும் தேதியோடு சேர்த்து அடுக்குங்கள். அப்போது பார்ப்பவர் காரணத்தைத் தேடத் தொடங்குவார். ஒன்றன் பின் ஒன்று வந்ததாலேயே முந்தியதுதான் காரணம் என்று நீங்களும் தீர்ப்பு எழுதி விடக் கூடாது.

ஒரு நபிமொழியைக் கேட்டால், அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று வினவும் மரபில் வந்தவர்கள் நாம். ஒவ்வொரு புள்ளியிடமும் அதையே கேளுங்கள். எண்ணியவர் யார்? எங்கே நின்று எண்ணினார்? எதை எண்ணாமல் விட்டார்?

இந்தக் கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது. நம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாசாவின் 'ஃபர்ம்ஸ்' என்ற இணைய வரைபடத்தில், செயற்கைக்கோள் கண்ட வெப்பம் புள்ளிகளாகத் தெரியும். அதிலே 'விர்ஸ்' கருவியின் ஒரு புள்ளி சுமார் 375 மீட்டர் சதுரத்தைக் குறிக்கும். 'மோடிஸ்' கருவியின் புள்ளி சுமார் ஒரு கிலோமீட்டர் சதுரத்தை. தீ அந்தச் சதுரத்துக்குள் எந்த மூலையிலும் இருக்கலாம். மேகம் மறைத்தாலோ, செயற்கைக்கோள் கடந்து போன பிறகு தீப்பிடித்தாலோ புள்ளியே விழாது. புள்ளி இல்லை, ஆகவே தீ இல்லை என்று நம்பி ஒருவர் மலையேறினால் என்ன ஆகும்? சிந்தியுங்கள்!

சரி, நாம் எதை வரைவது? அதிகாலையில் நம் ஊரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் தோட்ட வேலைக்கு ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறுகிறார்களே, அந்தக் கூலித் தொழிலாளர்களின் பாதையை வரையுங்கள். அவர்களில் பெண்களே அதிகம். அவர்கள் பறிக்கும் காயைத்தான் நீங்கள் விற்கிறீர்கள். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். எந்த வளைவில் எத்தனை ஜீப்புகள் கவிழ்ந்தன? மேட்டுக்கு இந்தப் பக்கம் நடந்தது தேனி மாவட்டக் கணக்கில் சேரும்; அந்தப் பக்கம் நடந்தது இடுக்கிக் கணக்கில். சாலை ஒன்று, பயணம் ஒன்று, கணக்கு மட்டும் இரண்டு! இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் தொழிலாளியின் ஒரு நாள் பயணத்திலுள்ள ஆபத்து முழுதாகத் தெரியும்.

பழைய நாளிதழ்களைப் புரட்டுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி இரு மாவட்டக் காவல்துறையிடமும் மனுப் போடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் தேதியும் தகவல் வந்த வழியும் இருக்கட்டும். இடம் திட்டமாகத் தெரியாவிட்டால் 'தோராயம்' என்று எழுதுங்கள். அடிபட்டவரின் பெயரையோ வீட்டையோ ஒருபோதும் காட்டாதீர்கள். ஒரு நாளில் எத்தனை ஜீப்புகள் ஏறுகின்றன என்பதையும் நின்று எண்ணுங்கள். வண்டி அதிகமுள்ள சாலையில் விபத்தின் எண்ணிக்கையும் கூடித்தானே தெரியும்?

பிறகு அந்த வரைபடத்தை இரு மாவட்ட ஆட்சியர்களிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் கொண்டு செல்லுங்கள். 'பாதுகாப்பு வேண்டும்' என்ற மனு கோப்புக்குள் தூங்கி விடலாம். 'இந்த வளைவில், இந்தத் தேதிகளில், இத்தனை பேர்' என்று காட்டினால் பதில் சொல்லாமல் தட்டிக் கழிப்பது கடினம்.

பத்து வரிகளோடு இந்த வாரமே தொடங்குங்கள். விசாரித்து வைத்த பத்துப் புள்ளிகள், கேள்விப்பட்டு வைத்த நூறு புள்ளிகளை விட மேலானவை. இன்ஷா அல்லாஹ், அடுத்த கூட்டத்தில் உங்கள் பட்டியலோடு சந்திப்போம்.