ஆயிர வருஷ ஆட்சி யாருக்கு?

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு இறையியல் படிப்பு கிடையாது. வங்கி கவுன்ட்டர்ல உட்கார்ந்து டெபாசிட் ரசீது எழுதுற ஆள். கவிதையும் எழுதுவேன். ஆனாலும் இதைப் பேச எனக்கொரு காரணம் இருக்கு. எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில ஒரு சுவர். அந்தப் பக்கம் சாதிக் கிறித்தவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். மரித்தவர்கள் எழுந்து கர்த்தரோடு ஆயிரம் வருஷம் ஆளுவார்கள் என்று ஐயர் ஒருநாள் பிரசங்கித்தார். (பாதிரியாரை எங்க ஊர்ல ஐயர்னுதான் கூப்பிடுவாங்க, அது தனிக்கதை.) எங்க ஆயா கேட்டாங்க: “எழுந்திருக்கச்சே அந்தச் செவுரு இருக்குமா ஐயரே?” ஜெபம் பண்ணும்மா என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தில் ஆயிரம் வருஷம் என்பது ஆறுமுறை வருகிறது. ரோமப் பேரரசின் கீழ் எழுதப்பட்ட பிரதி அது. கிறிஸ்துவோடு ஆளப்போகிறவர்களாக அது சொல்வது யாரை? தலை வெட்டப்பட்டவர்களை, மிருகத்தை வணங்க மறுத்தவர்களை. நம்ம பிரசங்கிகள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிடுறாங்க.

இரண்டாம் நூற்றாண்டில் பப்பியாஸ் என்ற ஆயர், அந்த ஆட்சியில் ஒரு திராட்சைக்கொடிக்குப் பத்தாயிரம் கிளை விடும், கிளைக்குப் பத்தாயிரம் கொப்பு என்று அடுக்கிக்கொண்டே போனார். பசித்தவன் போட்ட கணக்கு, வேறென்ன? பேரரசன் கான்ஸ்டன்டைனைப் புகழ்ந்து எழுதிய யூசிபியு, இந்தப் பப்பியாஸை அறிவு குறைந்தவர் என்று எழுதிவைத்தார். பிறகு அகஸ்டின் வந்தார். ஒரு காலத்தில் தானும் நம்பியதை விட்டுவிட்டு, ஆயிரம் வருஷம் என்பது இப்போது நடக்கிற சபையின் காலம்தான் என்றார். திருச்சபைக்கு அரண்மனை வாசல் திறந்த பிறகு மண்ணில் இன்னொரு ஆட்சி எதற்கு?

கனவு ஆனாலும் சாகவில்லை. சிலர் தேதி குறித்தார்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லரை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று விடிய விடியக் காத்திருந்தார்கள். முதிர்வுத் தேதியில் வந்து பணமில்லாமல் திரும்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிரிக்க முடியாது.

வேறு சிலர் காத்திருக்கவில்லை. ஜெர்மனியில் தாமஸ் முன்ட்சர் அறுவடைக் காலம் வந்துவிட்டது என்று பிரசங்கித்தார். 1525இல் மெம்மிங்கன் நகரில் விவசாயிகள் பன்னிரண்டு கோரிக்கை வைத்தார்கள். முன்ட்சர் எழுதியதல்ல, விவசாயிகளின் சொந்தக் கோரிக்கைகள். எங்கள் போதகரை நாங்களே தேர்ந்தெடுப்போம். ஆற்று மீன் எங்களுக்கும் உண்டு. காட்டு விறகு வேண்டும். பிடுங்கிய பொது நிலத்தைத் திருப்பிக் கொடு. குடும்பத் தலைவன் செத்தால் விதவையிடம் வசூலிக்கிற சாவு வரியை நிறுத்து. கிறிஸ்து எல்லோரையும் மீட்டிருக்க, நாங்கள் மட்டும் எப்படிப் பண்ணையடிமை? இதில் எதாவது வேதத்துக்கு விரோதம்னு காட்டுங்க, விட்டுடறோம் என்றும் எழுதினார்கள். ஏரி மீனுக்கும் புறம்போக்குக்கும் அடிபட்டவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லூத்தர் பதில் எழுதினார். பிரபுக்களையும் அதில் கண்டித்தார், மறைக்கக் கூடாது. ஆனால் அடிமைத்தனம் பற்றிய கோரிக்கைக்கு, ஆபிரகாமுக்கும் அடிமைகள் இருந்தார்களே என்றார். கிறித்தவ சுதந்திரத்தைச் சரீரத்துக்கானதாக ஆக்குகிறீர்கள் என்று குற்றம் சாட்டினார். சரீரத்துக்குத்தானே ஐயா சவுக்கடி விழுது!

1525 மே 15. ஃபிராங்கன்ஹௌசன் மேட்டில் வானவில் வரைந்த கொடியோடு நின்றார்கள். வானத்தில் சூரியனைச் சுற்றி ஒரு வட்டம் தெரிந்ததாம், கடவுள் நம்ம பக்கம் என்று நம்பினார்கள். கீழே பீரங்கி இருந்தது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 27ஆம் தேதி முன்ட்சரின் தலையை வெட்டினார்கள். எங்கெல்ஸ் 1850இல் இவரைக் கொண்டாடி எழுதினார், நானும் கொண்டாடுகிறேன். ஆனால் அந்த மேட்டில் முன்ட்சர் வானத்தைப் பார்த்தது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. நம்பி வந்தவர்களில் பலரிடம் கொடுவாளும் கதிரரிவாளும்தான் இருந்தன.

ஆயா போய்ச் சேர்ந்து வருஷம் பல ஆச்சு. இந்தப் பக்கம்தான் புதைத்தோம். சுவரில் ஒரு பக்கம் கொஞ்சம் இடிந்திருந்தது, சபைக் கமிட்டி போன வருஷம் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டது. செலவுக்கு எங்க தெருவிலும் வசூல் நடந்தது. கொடுக்கலாமா கூடாதா என்று எங்களுக்குள்ளேயே சண்டை. அதைப் பற்றித்தான் உங்களோட பேசணும்னு வந்தேன். சொல்லுங்க, கேட்கிறேன்.