மணலும் ஓதமும்

வாரமெல்லாம் சரக்கேற்றிக் குடும்பத்தைக் காக்கும் சிறு லாரியிலேயே, விடுமுறையன்று சீத்தா கேம்பிலிருந்து அலிபாக், காஷித் கடற்கரைகளுக்குச் செல்லும் நம்மவர் உளர். 2017-இல் சாலை திறக்கப்படும் வரை தனுஷ்கோடிக்கு மணல்மீதே வேன்கள் ஓடியதைக் கண்ட நமக்கு, மணலில் வண்டியோட்டுவது பெரிதாகத் தோன்றுவதில்லை. ஆனால் அக்கடல் வேறு, இக்கடல் வேறு. அங்கே ஓதம் 1 மீட்டர் ஏறுவதே அரிது. இங்கோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் 4 மீட்டருக்கும் மேல் ஏறுகிறது. நீர் வற்றியபோது தார்ச்சாலைபோல் இறுகிக் கிடக்கும் ஈரமணல், 6 மணி நேரத்திற்குள் கடலடியாகிவிடும்.

வண்டியை மணலில் இறக்காதிருத்தலே நலம். பல இடங்களில் காவல் துறையினர் வழக்கும் தொடர்கின்றனர். மீறிச் சக்கரம் புதைந்துவிட்டால், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். டயர்க் காற்றைக் குறைத்து, சக்கரத்தின்முன் மணலைத் தோண்டிப் பலகையிட்டு, மெல்ல நகர்த்துதல் வேண்டும். அலை சக்கரத்தைத் தொட்டுவிட்டதாயின், கடன் தீராத வண்டியேயாயினும் அதனை விட்டுக் குழந்தைகளை முதலில் கரையேற்றுவோம்.