ஒரு கால் மட்டும் வீங்கினால்
(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கால் வீக்கம் நம்ம லயத்துக்குப் புதுசு இல்லை. நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்தெடுத்தால் அந்திக்கு இரண்டு காலும் கொஞ்சம் வீங்கத்தான் செய்யும். இருதயமோ சிறுநீரகமோ பழுதானாலும் பெரும்பாலும் இரண்டு காலும் வீங்கும். நான் பேச வந்தது ஒரு கால் மட்டும், முக்கியமாக இடது கால் மட்டும் வீங்குவதைப் பற்றி.

சிலர் உடனே யானைக்கால் என்று பயந்துவிடுவார்கள். அது கரையோரத்தில் நுளம்பால் பரவிய நோய். இலங்கையில் அது ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் அறிவித்தது.

இடது காலிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் பெரிய நாளம், அடிவயிற்றில் வலது காலுக்குப் போகும் நாடிக்கு அடியால் போகிறது. பின்னால் முதுகெலும்பு, முன்னால் துடிக்கிற நாடி. நடுவில் நாளம் நசுங்குது. பீலித் தண்ணீர் வரும் ரப்பர் குழாயை யாராவது மிதித்துக்கொண்டு நின்றால் எப்படி? அது மாதிரிதான். மே, தர்னர் என்ற இரு மருத்துவர்கள் 430 பிரேதங்களைச் சோதித்து, 100க்கு 22 பேருக்கு அந்த இடத்தில் நாளத்தின் உள்ளே தடிப்பு இருந்ததை 1957இல் எழுதினார்கள். இப்படி இருப்பவர்களில் பலருக்கு ஒரு தொல்லையும் வராது. பிள்ளைப்பேறு, ஆபரேஷன், பலநாள் படுக்கை, சில குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைகள் இவற்றோடு சேரும்போதுதான் அங்கே இரத்தம் கட்டியாக உறையக்கூடும்.

கர்ப்பப்பைக் கட்டி, சூலகக் கட்டி, முழங்காலுக்குப் பின்னால் வரும் நீர்ப்பை, வயசானவருக்குச் சிறுநீர் அடைத்து உப்பிய பை, இவையும் நாளத்தை அமுக்கலாம். அபூர்வம்தான், ஆனால் உண்டு.

பிள்ளை பெற்ற பொண்ணுக்குக் கால் வீங்கினால் நம்ம ஆட்கள் முதலில் தேடுவது தைலத்தை. தயவுசெய்து உருவாதீங்க! கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நீர் மாத்திரை கேட்டு வாங்குவதும் வீண். மாத்திரையால் மிதித்த காலை எடுக்க முடியாது.

ஒரு நூலால் இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அளவு குறைவாக இருந்தாலும், திடீரென்று வந்த வீக்கமும் நோவும் என்றால் போகத்தான் வேணும். ஒரு நாள் பேர் போகுமே என்று தள்ளிப்போடாதீங்க. காலில் ஸ்கேன் செய்து ஒன்றும் தெரியவில்லை, வீக்கமும் வற்றவில்லை என்றால், "அடிவயிற்று நாளத்தையும் பார்க்கணுமா டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்டு. சிலருக்கு நாளத்துக்குள் கம்பிவலைக் குழாய் வைத்துத் திறந்துவிடுவார்கள்.

கால் வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ ஆளை நடக்க விடாமல் 1990க்குக் கோல் எடுங்கள். சுவசரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. ரோட்டிலிருந்து லயத்துக்கு வழி காட்ட ஒரு பொடியனை முன்கூட்டியே கீழே அனுப்பிவையுங்கள்.