சரக்கு கடந்துவிட்டது, சான்றிதழ் நிற்கிறது

நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளைக்கு பஸ்ஸில் போய்வந்த பழக்கம் உள்ளவர்களுக்கு அமரவிளை சோதனைச்சாவடி நினைவிருக்கும். வணிகவரிச் சோதனைக்காக லாரிகள் சாலையோரம் வரிசையாக நின்ற இடம் அது. டிரைவர்கள் பில்லும் கையுமாகக் கவுண்டர் முன்னால் காத்திருப்பார்கள். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது, அதுபோன்ற வரிச்சாவடிகளின் வேலையும் முடிந்தது. அடுத்த ஆண்டே இ-வே பில் வந்தது. சேலத்தில் ஏற்றும் சரக்கின் விவரம் வண்டி கிளம்பும் முன்பே கணினியில் ஏறிவிடுகிறது. திருவனந்தபுரத்து அதிகாரி அதைத் தம் மேசையிலிருந்தே பார்த்துக்கொள்கிறார்.

இன்று நான் பேச வந்தது மனிதர்களைப் பற்றி. பாறசாலை, காரோடு, குளத்தூர், குன்னத்துக்கால், வெள்ளறடை எனக் கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் ஊர்களில் வாழ்கிறவர்களைப் பற்றி. அரிசி மூட்டைக்கும் சிமென்ட் மூட்டைக்கும் கிடைத்த அந்த வசதி, அவர்களுடைய சாதிச் சான்றிதழுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் இன்னும் ஏன் கிடைக்கவில்லை?

இந்த எல்லை 1956 நவம்பர் 1 அன்று விழுந்த கோடு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்று சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரையையும் சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டுப் பார்த்தது, நடக்கவில்லை. அதுவரை இரண்டு பக்கமும் ஒரே நிர்வாகம். நிலத்துக்கு ஒரே மாதிரி தண்டப்பேர் என்ற உரிமைக் கணக்கு. அதன்பின் கோப்புகள் இரண்டு தலைநகரங்களுக்குப் பிரிந்தன. குடும்பங்கள் மட்டும் பிரியவில்லை. விளவங்கோட்டுப் பெண் பாறசாலைக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறாள். பாறசாலைப் பெண் மார்த்தாண்டத்துக்குப் போகிறாள். குமரி மாவட்டத்தவர் பிரசவத்துக்கும் சிகிச்சைக்கும் காரக்கோணம் மருத்துவக் கல்லூரிக்கு வருகிறார்கள். குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பிறப்பைப் பதிய வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். ஆகவே காரக்கோணத்தில் பிறந்த பிள்ளை கேரளப் பதிவோடு தமிழ்நாட்டுப் பள்ளியில் சேர்கிறது.

இரண்டு அரசுகளும் கணினி விஷயத்தில் சும்மா இருந்துவிடவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். கேரளம் 2002-இல் மலப்புறத்தில் தொடங்கிய அக்ஷயா இணையச் சேவை மையங்கள் இன்று மாநிலம் முழுக்க இருக்கின்றன. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று வில்லேஜ் ஆபீஸில் நாள்கணக்கில் நின்று வாங்கியவற்றை இ-டிஸ்ட்ரிக்ட் இணையதளம் வழியாக விண்ணப்பித்து வாங்கலாம். நிலவரியை வீட்டிலிருந்தே கட்டலாம். உள்ளாட்சிச் சேவைகளுக்கான கே-ஸ்மார்ட் 2024 ஜனவரி 1 அன்று நகரங்களில் தொடங்கி, 2025 ஏப்ரலில் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இ-சேவை மையங்கள் இருக்கின்றன, அவற்றில் விண்ணப்பிக்க ஆளுக்கொரு கேன் எண் இருக்கிறது, பட்டாவும் சிட்டாவும் இணையத்தில் கிடைக்கின்றன. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே நல்ல ஏற்பாடுகள். ஆனால் ஒன்றின் கண்ணுக்கு மற்றொன்று தெரியாது.

விளவங்கோட்டில் பிறந்து பாறசாலையில் குடும்பம் நடத்தும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். சாதி பிறப்பைப் பொறுத்தது என்பதால் வில்லேஜ் ஆபீஸில் அவளுடைய தகப்பனாரின் ஆவணங்களைக் கேட்கிறார்கள். அவை இருப்பது தமிழ்நாட்டில். பட்டியல் சாதியினராக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும்; பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, சலுகையும் பிறந்த மாநிலத்தோடு கட்டுண்டது. சரி, அங்கேயே வாங்கலாம் என்று இ-சேவை மையத்துக்குப் போனால் ஆதாரில் இருப்பது பாறசாலை முகவரி. அந்தப் பக்கம் போய் ஒரு காகிதம், இந்தப் பக்கம் வந்து அதன் நகல், அதற்கு ஒரு சான்றொப்பம் என்று அலைகிறாள். அவள் தேடி அலையும் தகவல் தமிழ்நாட்டு அரசின் கணினியில் ஏற்கெனவே கிடக்கிறது. அங்கே அச்சாகும் சான்றிதழில், உண்மையா என்று சரிபார்ப்பதற்கான எண்ணும் இருக்கிறது. ஒரு அரசு இன்னொரு அரசிடம் கேட்டால் நொடியில் தீரும் விஷயத்துக்கு, அன்றாடக் கூலியை விட்டுவிட்டுப் பெண்கள் பஸ் ஏறுகிறார்கள். இதை நான் அநீதி என்றே சொல்வேன்.

அடுத்தது பெயர். எல்லை ஊர்களில் மிகப் பெரிய தொல்லை இதுதான் என்று நினைக்கிறேன். தங்கம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது தமிழ்நாட்டில் 'ஜி' போடுவார்கள். கேரளத்தில் 'கே' போடுவார்கள். முருகனுக்கும் அதே கதை. தமிழர் வழக்கத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். கேரளத்தில் பின்னால் போகும், சில நேரம் வீட்டுப் பெயரும் சேர்ந்துகொள்ளும். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் மூன்றாவது மாதிரி. மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று தெரியும். கணினிக்கு அவர்கள் மூன்று பேர். முதியோர் பென்ஷன் இதனால் தடைபடலாம்; பிள்ளையின் ஸ்காலர்ஷிப் நின்றுபோகலாம். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சொல்வதற்கென்றே 'ஒன் அண்ட் சேம்' சான்றிதழ் ஒன்றை இ-டிஸ்ட்ரிக்டில் வைத்திருக்கிறார்கள். அந்தச் சான்றிதழுக்கும் விண்ணப்பம், கட்டணம், விசாரணை. அலுவலகங்களின் ஏட்டில் எழுந்த குழப்பத்தைத் தீர்க்கும் செலவு ஏழையின் தலையில் விழுகிறது. ஒருவர் எப்படியெல்லாம் தம் பெயரை எழுதிவந்தார் என்பதை ஒரே பதிவில் சேர்த்து வைத்துக்கொள்ள மென்பொருளால் முடியும். ஒருமுறை விசாரித்துத் தீர்த்த பெயரை மறுபடி எந்த அலுவலகமும் கேட்கக் கூடாது.

எல்லை கடந்து தகவல் போக முடியாது என்று யாராவது சொன்னால் ரேஷன் கடையைக் காட்டலாம். ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் கேரளம் 2020 ஜனவரியிலும் தமிழ்நாடு அதே ஆண்டு அக்டோபரிலும் சேர்ந்தன. மார்த்தாண்டத்திலிருந்து வந்து பாறசாலையில் வாடகைக்கு இருக்கும் கொத்தனார், தம் தமிழ்நாட்டுக் கார்டின் எண்ணைச் சொல்லி இ-போஸ் இயந்திரத்தில் விரல் வைத்தால் இங்கேயே அரிசி வாங்கலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் கார்டுகளுக்குத்தான், அதாவது கேரளத்தில் மஞ்சளுக்கும் இளஞ்சிவப்புக்கும்தான் இந்த வசதி. நீலமும் வெள்ளையும் அதில் சேராது. அந்தக் குறை இருந்தாலும், இரண்டு மாநிலக் கணினிகள் ஒரு கடையின் வாசலில் பேசிக்கொள்கின்றன என்பது கண்முன் நடக்கிற விஷயம்.

பேசிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே 2020-இல் பார்த்தோம். கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு இ-பாஸ், கேரளத்துக்கு ஜாக்ரதா தளத்தில் இன்னொரு பதிவு. இஞ்சிவிளைச் சாவடிக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு பக்கத்து அனுமதி மட்டும் போதவில்லை. இரண்டும் கையில் இருந்தால்தான் வழி. வேலையும் ஆஸ்பத்திரியும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த குடும்பங்கள் பட்ட பாட்டைப் பாறசாலையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மொழிக்கு வருகிறேன். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இல் வந்தது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களின் அலுவலகங்களோடும் தங்கள் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று அது சொல்கிறது. தாளில் மனு எழுதிய காலத்தில் இந்த உரிமைக்கு ஓர் அர்த்தம் இருந்தது. மனு இணையப் படிவமாகிவிட்ட இன்று, திரையில் மலையாளமும் ஆங்கிலமுமே முன்னால் நிற்கின்றன. தமிழ் மட்டும் படித்த தாய், அக்ஷயாவில் இருக்கும் பிள்ளை என்ன அடிக்கிறதோ அதற்குச் சம்மதம் சொல்லிவிட்டு வருகிறாள். தாளில் கொடுத்த உரிமையைத் திரையிலும் கொடுப்பதுதான் முறை. படிவத்திலும், ரசீதிலும், போனுக்கு வரும் குறுஞ்செய்தியிலும் தமிழைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

தகவல் இரண்டு அரசுகளுக்கு இடையில் ஓடத் தொடங்கினால் அதைத் தவறாகப் பயன்படுத்தமாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒருவருடைய விவரத்தை எந்த அலுவலகம், எந்த நாளில், எதற்காகப் பார்த்தது என்பது பதிவாக வேண்டும். அந்தப் பதிவை அவரே பார்க்க முடிய வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்காக 2023-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. அதைக் காவலாக வைத்துக்கொண்டே இந்த இணைப்பைச் செய்யலாம்.

திருவனந்தபுரமும் சென்னையும் உட்கார்ந்து பேச நாளாகலாம். ஆனால் நெய்யாற்றின்கரை தாலுகாவும் விளவங்கோடு, கிள்ளியூர் தாலுகாக்களும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பவை. இந்த மூன்று இடங்களுக்கு மட்டும் முதலில் ஒரு சோதனை ஏற்பாடு செய்து பார்க்கலாம். சாதிச் சான்று, பிறப்புப் பதிவு, வாரிசுச் சான்று ஆகிய மூன்றை மட்டும் ஒரு தாசில்தார் மற்றவரிடம் கணினி வழியே கேட்டுப் பெறட்டும். கேட்கிற வேலை அலுவலகத்துடையதாக இருக்கட்டும்.

அதுவரை நம் கையில் இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். பிள்ளை பிறந்தால், ஆஸ்பத்திரியில் படிவம் கொடுக்கும்போது தாய், தகப்பன் பெயர்களை ஆதாரில் இருப்பதைப் போலவே எழுத்துக்கு எழுத்து எழுதிக் கொடுங்கள். பதிவான பின் சான்றிதழை இறக்கி, வீட்டில் படித்தவர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிழை இருந்தால் உடனே பஞ்சாயத்து ஆபீஸில் திருத்த மனு கொடுத்து, ரசீதை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.