கத்தியின் விலையும் உறையின் கூலியும்

(உரையின் எழுத்து வடிவம்)

கத்தி வாங்குவோர் அதன் அலகைப் பார்க்கின்றனர், பிடியைப் பார்க்கின்றனர், உறையைப் பற்றி விசாரிப்போர் சிலரே. ஆயினும், உறையில்லாத கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மலையேறவோ, விறகு வெட்டச் செல்லவோ எவரும் துணியார். அலகின் கூர்மையைக் காப்பதும் உறையே. அக்கூர்மையிலிருந்து மனிதனைக் காப்பதும் உறையே. இச்சிறு பண்டத்தைக் கையால் உருவாக்கும் தோல் தொழிலாளருக்கு உரிய கூலி கிடைக்கும் வழி என்ன? ஊரகத் தொழில்களின் வளர்ச்சியில் பொறுப்புடையோர் ஆராய வேண்டிய வினா இது.

குக்ரி உறை

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு குக்ரிக் கத்தியின் உறையாகும். நேபாளத்திலும், இந்தியாவில் டார்ஜிலிங் மலைப்பகுதி, டேராடூன் போன்ற இடங்களிலும் வழங்கும் இவ்வளைந்த கத்தி, வீட்டுக் கருவி, காட்டுக் கருவி, போர்க் கருவியும் ஆகும். 1947-ஆம் ஆண்டில் பத்து கூர்க்கா ரெஜிமெண்டுகளில் ஆறு இந்தியப் படையின் பங்காக வந்தன. 1948-இல் பதினோராவது ரெஜிமெண்டு அமைக்கப்பட்டதும் அவை ஏழாயின. குக்ரியே அவற்றின் அடையாளம்.

குக்ரி உறையின் உள்ளே இருப்பது மரம். இரண்டு மரத் துண்டுகளை அலகின் வளைவுக்கு ஏற்பக் குடைந்து ஒட்டுகின்றனர். அதன்மேல் நனைத்த தோலை, பெரும்பாலும் எருமைத் தோலை, இழுத்துப் போர்த்திப் பின்புறத்தில் தைக்கின்றனர். தோல் உலரும்போது சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. பின்பக்கத்தில் உள்ள சிறு பைகளில் இரண்டு குறுங்கத்திகள் இடம் பெறுகின்றன: சிறு வேலைகளுக்கான கர்தா, தீட்டுவதற்கும் தீப்பொறி எழுப்புவதற்கும் பயன்படும் சக்மக்.

மரமில்லாத எளிய தோலுறையிலும் நுட்பம் குறைவன்று. மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் தடிப்புள்ள தோலை, அலகின் வடிவத்தைவிடச் சற்று அகலமாக வெட்ட வேண்டும். கூர்முனைப் பக்கம், இரு மடிப்புகளுக்கும் நடுவே ஒரு தோல் வாரை வைத்துத் தைக்க வேண்டும். அவ்வார் இல்லையெனில், ஒவ்வொரு முறை கத்தியைச் செருகும்போதும் அலகு தையல் நூலை அறுக்கும். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு பூசிய ஒரே நூலின் இரு நுனிகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் செலுத்துவது கைத்தையலின் சிறப்பு. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மறுபக்க இழை தையலைப் பிரியவிடாது. சாதாரணத் தையல் இயந்திரத்தின் தையலுக்கு இந்த உறுதி இல்லை.

தோலின் தேர்வு

உறைக்குரியது மரப்பட்டைச் சாறு கொண்டு பதனிட்ட தோல். நனைத்து அழுத்தினால் கத்தியின் வடிவை ஏற்று, உலர்ந்தபின் அவ்வடிவிலேயே நிற்பது அதன் குணம். குரோம் உப்பினால் பதனிட்ட தோல் விரைவில் தயாராகிறது, மென்மையானது, ஆனால் வடிவைப் பிடித்து நிற்பதில்லை. தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையால் பதனிடும் மரபில் வளர்ந்த 'ஈஸ்ட் இந்தியா' தோல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. 1948-இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பதனிடும் துறையில் நாட்டிற்கே வழிகாட்டுகிறது. எனினும், பட்டையில் பதனிட்டதாயினும் ஈரமான தோலுறைக்குள் நெடுநாள் கிடக்கும் அலகு துருப்பிடிக்கும். வாங்குவோருக்கு இதைச் சொல்லித் தருவதும் விற்பனையின் ஒரு பகுதியே.

கூலி ஏன் உயர்வதில்லை?

உறைக்கான தேவை, கத்திக்கான தேவையிலிருந்து பிறப்பது. இத்தகைய தேவையைப் பொருளாதார அறிஞர் ஆல்பிரட் மார்ஷல் 1890-இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். கட்டட வேலையில் பூச்சு வேலைக்காரரின் பங்கு மொத்தச் செலவில் சிறியது. ஆகவே, அவர்கள் கூடுதல் கூலி கேட்டாலும் வீட்டின் விலை அதிகம் மாறாது. கேட்டது கிடைக்கும் வாய்ப்பு மிகுதி என்பது அவர் கருத்து. அவ்வாறாயின், கத்தியின் விலையில் சிறு பங்கே பெறும் உறைத் தொழிலாளரும் நல்ல கூலி பெற வேண்டுமன்றோ?

பெற இயலாமைக்கு விடை மார்ஷலின் விதியிலேயே இருக்கிறது. பூச்சு வேலைக்கு எளிதான மாற்று இருத்தல் கூடாது என்பது அவர் வகுத்த நிபந்தனைகளுள் ஒன்று. தோலுறைக்கோ நைலானும் பிளாஸ்டிக்கும் மலிவான மாற்றுகளாக வந்துவிட்டன. அத்துடன், கூடிக் கேட்கும் வலிமை வேண்டும். வீட்டிலிருந்தே எண்ணிக்கைக் கூலிக்குத் தைப்பவரிடம் அவ்வலிமை இல்லை. முழுத் தோல் வாங்க முதல் இல்லாதவர் வெட்டுத் துண்டுகளையே நம்புகிறார். முதுகுப் பகுதியின் உறுதி வயிற்றுப் பகுதித் துண்டுகளுக்கு இல்லாததால், உழைப்பு ஒன்றாயினும் பண்டம் தாழ்கிறது.

மூன்றாவது காரணம் சமூகத்தைச் சார்ந்தது. நேபாள மலைகளில் அலகு அடிப்போர் காமி வகுப்பினர். தோல் வேலை செய்வோர் சார்க்கி வகுப்பினர். இரு சாராரும் தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்டவர்கள். இந்தியாவிலும் தோல் தொழிலாளர் நிலை வேறாக இருக்கவில்லை. தீண்டாமையை நம் அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தண்டனைக்குரியதாக்கியது. நேபாளத்தின் 1963-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு சாதிப் பாகுபாட்டுக்கு இருந்த சட்ட ஆதரவை நீக்கியது. ஆனால், தொழிலை இழிவாகக் கருதும் மனம் அதன் கூலியையும் இழிவாகவே மதிப்பிடுகிறது.

செய்யத் தக்கவை

முதலாவதாக, அரசு அலுவலகங்கள் கத்தி கொள்முதல் செய்யும்போது உறைக்குத் தனி விலையும் தனித் தர விவரமும் கேட்கலாம். தோலின் வகை, தடிப்பு, நடுவார், தையல் முறை ஆகியவற்றை எழுத்தில் குறித்தால், கைவேலையின் மதிப்பு கணக்கில் ஏறும்; மலிவான மாற்று அதே பெயரில் நுழையாது.

இரண்டாவதாக, பத்துப் பேர் கூடினால் முழுத் தோலாகப் பதனிடுவோரிடமே வாங்கலாம். வயிற்றுப் பகுதியை இடுப்பு வாருக்கும் சிறு பைகளுக்கும் பயன்படுத்தலாம்.

மூன்றாவதாக, 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொல்லரும் செருப்புத் தைப்போரும் உள்ளனர், கருவிகளுக்கு ரூ.15,000 உதவியும், 5 சதவீத வட்டியில் இரு தவணைகளாக ரூ.3 லட்சம் வரை கடனும் உண்டு. 'உறை செய்வோர்' என்ற பெயர் அப்பட்டியலில் இல்லை. செருப்பும் உறையும் ஒரே கையால் தைக்கப்படும் ஊர்களில் அவர்களைத் தேடிச் சேர்ப்பது களப்பணியாளரின் விழிப்பைப் பொறுத்தது.

கைத்தொழிலைக் காப்பது என்பது, தந்தையின் தொழிலில் மகனைக் கட்டிப்போடுவதாக ஆகிவிடக் கூடாது. பயிற்சி நிலையத்தில் எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் விரும்பிக் கற்கும் தொழிலாக இது மாற வேண்டும். சார்க்கி வீட்டுப் பிள்ளை விரும்பினால் இதை விட்டு வேறு தொழிலுக்குச் செல்லவும் வழி இருக்க வேண்டும். விட்டுச் செல்லும் உரிமை உள்ளவருக்கு, இத்தொழிலில் நிலைக்கத்தக்க கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும். அக்கூலியைக் கொடுக்க முன்வரும் நாளில்தான் குத்தூசியும் மெழுகு நூலும் அடுத்த தலைமுறையின் கைக்குச் செல்லும்.