பேய் தேடும் தொலைக்காட்சி

(புவனகிரியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், தொலைக்காட்சியில் பேய் தேடுகிறார்களே, அதைப் பற்றியதாகும். "ஜனங்களுக்கு இத்தனை கஷ்டங்கள் இருக்க, இந்த அற்ப விஷயத்துக்கு ஒரு கூட்டமா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அற்ப விஷயமாயிருந்தால் நாமும் விட்டுவிடுவோம். ஆனால் இரவு பத்து மணிக்கு அதைப் பார்த்துவிட்டுப் படுத்தவர்கள், மறுநாள் வீட்டுப் பெண் ஒருத்தி பிதற்றினால் டாக்டரிடம் போகாமல் மந்திரவாதியிடம் போகிறார்கள் என்றால், அதை அற்ப விஷயம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

நம் பக்கத்துப் பேய்களின் சரித்திரத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். முன்பெல்லாம் அவை எங்கே குடியிருந்தன? ஊர்க்கோடிப் புளியமரத்திலும், பாழுங்கிணற்றிலும், வெள்ளாற்றங்கரைச் சுடுகாட்டிலும் குடியிருந்தன. 1962-ல் நெய்வேலியில் மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கிற்று. தெருவுக்குத் தெரு விளக்கு வந்தது. விளக்கு வந்த இடத்தைவிட்டுப் பேய் போய்விட்டது. எந்தப் பூசாரியும் ஓட்டவில்லை. ஒரு மின்சாரக் கம்பம் ஓட்டிற்று. பிறகு 2006 முதல் சர்க்கார் ஏழைகளின் வீடுகளுக்கு இலவசமாக வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தது. புளியமரத்தை விட்டுப் போன பேய், அதே மின்சாரத்தின் தயவால் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது!

நிற்க. இந்த நிகழ்ச்சிகளில் நல்லதே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. எதிராளியிடம் உள்ள நியாயத்தையும் ஒப்புக்கொள்ளுவதுதான் பகுத்தறிவுக்காரனுக்கு அழகு.

முதல் நன்மை என்னவென்றால், "போய்ப் பார்" என்கிற கொள்கையை இவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். முன்பு "பேய் உண்டு, பெரியவர்கள் சொன்னார்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கேட்டவன் நாஸ்திகன். இப்போதோ "அந்த பங்களாவில் பேய் இருக்கிறதாமே, கருவி கொண்டுபோய் அளந்து பார்க்கலாம்" என்கிறார்கள். பேயை அளந்து பார்க்க வேண்டும் என்று எப்போது ஒருவன் சொல்லிவிட்டானோ, அப்போதே வெறும் நம்பிக்கை போதாது, ருஜு வேண்டும் என்பதை அவன் ஒப்புக்கொண்டவனாகிறான். அந்த மட்டும் நமக்கு லாபமே.

இரண்டாவது நன்மை, விசாரணை செய்கிறவர்களில் சில சமயம் யோக்கியமான ஆட்களும் வந்து சேருகிறார்கள். இங்கிலாந்தில் 2002-ல் 'மோஸ்ட் ஹாண்டட்' என்று ஒரு பேய் நிகழ்ச்சி ஆரம்பித்தார்கள். அதில் ஆவிகளோடு பேசுகிறவர் என்று டெரெக் அகோரா என்பவர் இருந்தார். மனோதத்துவ அறிஞர் என்ற முறையில் கியரன் ஓகீஃப் என்பவரும் சேர்ந்திருந்தார். ஓகீஃபுக்குச் சந்தேகம் தட்டிற்று. ஒரு பழைய சிறைச்சாலைக்குப் போகும்போது, அங்கே முன்னாளில் 'கிரீட் கேஃபர்' என்று ஒரு ஜெயில் காவலன் இருந்ததாகக் கற்பனை செய்து, அந்தப் பெயர் அகோராவின் காதில் விழும்படி செய்தார். கொஞ்ச நேரத்தில் கிரீட் கேஃபரின் ஆவியே அவர்மேல் வந்து பேசிற்றாம்! பிறக்காத மனிதனுக்கு ஆவி வந்துவிட்டது. அந்தப் பெயரின் இங்கிலீஷ் எழுத்துக்களை மாற்றி அடுக்கினால் "டெரெக் ஏமாற்றுக்காரர்" என்கிற பொருள் வரும். இவ்வளவையும் ஓகீஃபே 2005-ல் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். அதே வருஷம் அந்நாட்டு ஒளிபரப்புக் கண்காணிப்பு ஸ்தாபனமான ஆஃப்காம், இது பொழுதுபோக்கு நிகழ்ச்சியேயன்றி நியாயமான ஆராய்ச்சியல்ல என்று தீர்ப்புச் சொல்லிற்று.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

முதல் குறை, இவர்கள் விளக்கை அணைத்துவிட்டுத் தேடுவது. தோழர்களே! உங்கள் வீட்டில் ஒரு காலணா தொலைந்தால் விளக்கை ஏற்றித் தேடுவீர்களா, அணைத்துத் தேடுவீர்களா? இருட்டில் மனிதனுடைய கண்ணும் காதும் இல்லாததைச் சேர்த்துக்கொள்ளும். தூணில் முகம் தெரியும். காற்றில் பேர் சொல்லிக் கூப்பிடுவது கேட்கும். பயந்தவனுக்கு இன்னும் அதிகமாகத் தெரியும். பயமுறுத்திவிட்டுச் சாட்சி கேட்பது எந்தக் கோர்ட்டில் செல்லும்?

இரண்டாவது குறை, கருவிகள். மின்காந்தப் புலம் அளக்கும் கருவியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, முள் ஆடினால் "பேய்!" என்கிறார்கள். அந்தக் கருவி சுவருக்குள் ஓடும் மின்சார ஒயரைக் காட்டும். பையிலிருக்கும் செல்போனைக் காட்டும். பேய்க்கு மின்காந்தப் புலம் உண்டென்று யார், எந்தப் பேயைப் பிடித்து, எப்போது அளந்தார்கள்? தராசு நல்ல தராசுதான். ஆனால் தராசில் போட்டு மனிதனுடைய நாணயத்தை நிறுக்க முடியுமா? அமெரிக்காவில் 2004-ல் தொடங்கிய 'கோஸ்ட் ஹண்டர்ஸ்' நிகழ்ச்சியின் தலைவர்கள் இருவரும் அப்போது பகலில் குழாய் ரிப்பேர் செய்துவந்தவர்கள். அந்தத் தொழிலில் இழிவில்லை. குழாய்க்காரனுக்கு வீட்டில் எங்கே எது தட்டுகிறது, எங்கே எது ஒழுகுகிறது என்பது நன்றாகவே தெரியும். அந்த அறிவைப் பகலோடு விட்டுவிட்டு, இரவில் அதே சத்தத்தைப் பேய் என்று தேடப் புறப்பட்டதுதான் வேடிக்கை.

உண்மையான விசாரணை எப்படியிருக்கும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்லுகிறோம். 1921-ல் அமெரிக்கக் கண் வைத்திய சஞ்சிகையொன்றில் டாக்டர் வில்மர் ஒரு குடும்பத்தின் கதையை வெளியிட்டார். அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோனது முதல் காலடிச் சத்தம் கேட்டது, உருவங்கள் தெரிந்தன, தலைவலி, சோர்வு. கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, கார்பன் மோனாக்சைடு என்கிற நச்சுவாயு வீட்டுக்குள் கசிந்துகொண்டிருந்தது. உலையைச் சரி செய்தார்கள், பேய் போய்விட்டது. மந்திரவாதியைக் கூப்பிட்டிருந்தால் குடும்பமே போயிருக்கும். இன்னொன்று: இங்கிலாந்தில் விக் டாண்டி என்கிற என்ஜினீயர், தாம் வேலை செய்த இடத்தில் சாம்பல் நிறமாய் ஓர் உருவத்தைக் கண்டு நடுங்கினார். நடுங்கினாலும் ஓடவில்லை. தேடிப் பார்த்ததில், புதிதாக வைத்த ஒரு மின்விசிறியானது காதுக்குக் கேட்காத, செகண்டுக்கு சுமார் 19 அதிர்வுள்ள ஒலியைக் கிளப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. விசிறியின் அமைப்பை மாற்றியதும் அந்த அனுபவமும் நின்றது. 1998-ல் அதைப்பற்றிக் கட்டுரை எழுதினார். எல்லாப் பேய்க்கும் இதுதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. காரணத்தைத் தேடுவது என்றால் இப்படித் தேடுவதுதான் என்று சொல்லுகிறோம்.

மூன்றாவது குறை, வியாபாரம். பேய் இல்லை என்று முடிவாகத் தெரிந்துவிட்டால் அடுத்த வாரம் எதைக் காட்டுவது? விளம்பரக்காரனுக்கு என்ன பதில் சொல்லுவது? ஆகவே விசாரணை ஒருநாளும் முடியக்கூடாது. "அது என்ன மர்மம்? விடை இன்னும் கிடைக்கவில்லை!" என்று உறுமல் சங்கீதத்தோடு முடித்துவிடுவார்கள். நம் தமிழ்நாட்டில் ஜீ தமிழில் ஒரு நிகழ்ச்சிக்கு 'நம்பினால் நம்புங்கள்' என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். நம்பினால் சரக்கு விற்றது; நம்பாவிட்டால் "நாங்கள்தான் அப்போதே சொன்னோமே!" என்று தப்பித்துக்கொள்ளலாம். கடையில் ஒருவன் எண்ணெயை வைத்துக்கொண்டு "நல்லெண்ணெய் என்று நம்பினால் வாங்குங்கள்" என்று சொன்னால் நீங்கள் வாங்குவீர்களா? எண்ணெய்க்கு இருக்கிற எச்சரிக்கை புத்திக்கு வேண்டாமா?

ஆனால் தொலைக்காட்சியாலேயே ஒரு நல்ல சோதனை நடந்ததும் உண்டு. 2008 மார்ச் 3-ந் தேதி, இந்தியா டி.வி. என்னும் ஹிந்தித் தொலைக்காட்சியில், பண்டிட் சுரீந்தர் சர்மா என்கிற தாந்திரிகர் தமது மந்திரத்தால் மூன்று நிமிஷத்தில் ஆளைக் கொன்றுவிட முடியும் என்றார். எதிரே உட்கார்ந்திருந்த பகுத்தறிவாளர் சனல் இடமருகு, "எங்கே, என்னைக் கொல்லும் பார்க்கலாம்!" என்றார். சர்மா மந்திரம் ஜெபித்தார், தண்ணீர் தெளித்தார், கத்தியை ஆட்டினார், நெற்றியை அழுத்தினார். மூன்று நிமிஷம் மணிக்கணக்காயிற்று. இடமருகு சிரித்துக்கொண்டிருந்தார். "ராத்திரியில் செய்தால்தான் பலிக்கும்" என்றார் சர்மா. ராத்திரியிலும் திறந்த வெளியில் தீ வளர்த்துச் செய்தார்கள். நடுநிசி வந்தது, சாவு வரவில்லை. ராத்திரிச் சடங்குக்கு முன்பே, இவர் ஏதோ பெரிய கடவுளைக் கும்பிடுகிறவர், அது காப்பாற்றுகிறது என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார் சர்மா. "நான் நாஸ்திகன்" என்றார் இடமருகு!

பேய் நிகழ்ச்சிகளுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இங்கே என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லியாயிற்று. எத்தனை நிமிஷத்தில் என்றும் சொல்லியாயிற்று. நடக்காவிட்டால் தோல்வி என்பது பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். வெட்டாமல் ஒட்டாமல் நேராகக் காட்டினார்கள். தோற்பதற்கு இடமில்லாத சோதனை சோதனையே அல்ல.

இவ்வளவும் இருக்க, எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இன்று முக்கியமாக வந்தோம். இவர்கள் பேயைத் தேடுகிறார்களேயொழிய, பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகிற ஆளைத் தேடுவதில்லை.

நம் ஊர்களில் பேய் யாரைப் பிடிக்கிறது? மிராசுதாரரைப் பிடித்ததா? தாசில்தாரைப் பிடித்ததா? அநேகமாகப் புதிதாகக் கலியாணமான பெண்ணையும், பிள்ளையில்லை என்று இடிபடுகிற பெண்ணையும்தான் பிடிக்கிறது. வாய்விட்டு அழ உரிமையில்லாதவளுக்குப் பேய் வந்தால்தான் மாமியாரையும் புருஷனையும் நாலு வார்த்தை கேட்க முடிகிறது. சிலருக்கு அது மூளை நோயாகவும் வலிப்பாகவும் இருக்கிறது. அவளை வேப்பிலையால் அடித்து, மயிரைப் பிடித்து ஆட்டுவதைக் காமிராக்காரன் படம் பிடித்து நமக்குக் காட்டுகிறான். அவளைச் சம்மதம் கேட்டானா? மறுநாள் அவள் என்னவானாள் என்று போய்ப் பார்த்தானா?

இலங்கையில் பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஆபிரகாம் கோவூர், 1898 முதல் 1978 வரை வாழ்ந்தவர், இந்த வேலையை வேறு விதமாகச் செய்தார். 1963-ல், மோசடிக்கு இடமில்லாத முறையில் அதிசய சக்தியைக் காட்டுகிறவர்களுக்கு லட்ச ரூபாய் தருவதாக அறிவித்தார். ஒருவரும் அதை ஜெயித்து வாங்கவில்லை. ஆனால் அவருடைய பெருமை அந்த லட்ச ரூபாயில் இல்லை. கல் விழுகிறது, சாமான் உடைகிறது என்று சொன்ன வீடுகளுக்குப் போய், பேயை விட்டுவிட்டு, அந்த வீட்டில் மனம் நொந்துகிடப்பவர் யார் என்று தேடினார். கண்டுபிடித்துத் தனியே பேசி, அவருடைய வேதனைக்குப் பரிகாரம் தேடினார். பேய் தானாகவே நின்றது. வீட்டில் கஷ்டப்படுகிறவரைக் கண்டுபிடித்தால்தான் விசாரணை முடிந்ததாக அர்த்தம்.

அப்படித் தேடாததன் பலனை நாம் பார்த்துவிட்டோம். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி, ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவுக்கு வந்தால் சுகமாகும் என்று கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள் ஒரு கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபோதே தீப்பிடித்து, 28 பேர் வெந்து மாண்டார்கள். இது ஒரு மதத்தின் குற்றமல்ல. கோயிலிலும் மாதாகோயிலிலும் இதே சங்கிலி இருந்ததுண்டு. நோயைப் பேய் என்று சொன்னதன் குற்றம் இது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், நோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. 1994-ம் வருஷத்துக் கேபிள் தொலைக்காட்சி விதிகள், மூடநம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சி கூடாது என்கின்றன. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. சங்கிலியை அவிழ்க்கக் கை வேண்டும்.

ஆகவே தோழர்களே! பெட்டியை உடையுங்கள் என்று நாம் சொல்லவில்லை. பாருங்கள், ஆனால் நாலு கேள்வி கேட்டுக்கொண்டு பாருங்கள். விளக்கை ஏன் அணைத்தான்? கருவி எதை அளக்கிறது? பேய் இல்லை என்று ஒப்புக்கொள்ள இவன் என்ன நிபந்தனை வைத்திருக்கிறான்? அழுகிற அந்தப் பெண்ணுக்கு யார் வைத்தியம் பார்த்தார்கள்? இந்த நாலுக்கும் விடை இல்லையென்றால் குழந்தைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஏன் இல்லை என்று சொல்லிக்கொடுங்கள். உங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பேய் என்று பேச்சு வந்தால், முதலில் சிதம்பரத்து ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள். பிறகு அவளிடம் "என்னம்மா கஷ்டம்?" என்று கேளுங்கள்.

நாம் சொன்னதையும் நம்பினால் நம்புங்கள் என்று விட்டுவிட மாட்டோம். சோதித்துப் பார்த்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளிவிடுங்கள்.