குடிதண்ணீரும் ஸ்டோர்ப் புத்தகமும்

(கிளைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளம், போனஸ், வீடு ஆகிய விஷயங்களையே பேசிப் பழகிய இம்மேடையில் இன்று நாம் தண்ணீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதிலும் கண்ணுக்குத் தெரியாத, பல சமயம் மூக்குக்கும் தெரியாத நஞ்சைப் பற்றி. "குழாயில் தண்ணீர் வருவதே பெரும்பாடு, இதில் நஞ்சு வேறா?" என்று பின்வரிசையில் ஓர் அம்மாள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனாலும் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

2020 செப்டம்பர் 3-ஆம் நாள் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ரவாங் பக்கம் சுங்கை கோங் என்னும் சிற்றாற்றில் கழிவு கலந்தது. அது சிலாங்கூர் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் ஏறக்குறைய 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் இல்லை. அந்தக் கழிவை முதலில் காட்டிக் கொடுத்தது வாடைதான். வாடையை அளக்க ஒரு முறை உண்டு. ஆற்று நீரை வாடையற்ற நீருடன் கலந்து, மேலும் மேலும் கலந்து, மனிதர் முகர்ந்து பார்ப்பார்கள். 50 மில்லி ஆற்று நீரை 200 மில்லியாக்கியபோது இலேசாக வாடை தெரிந்தால் அதன் எண் 4. இவ்வளவு பெரிய பட்டணத்துக்கு மனித மூக்கே காவற்காரன் என்றால் சிரிப்பு வரலாம். நாங்கள் சிரிக்கவில்லை. கரைப்பான், எண்ணெய் போன்றவற்றுக்கு மூக்கு நல்ல காவற்காரனே.

ஆனால் தோட்டத்தில் நாம் கையாளும் சரக்கு வேறு. கிளைபோசேட் தண்ணீரில் கலந்தால் எந்த மூக்கு கண்டுபிடிக்கும்? பாராகுவாட்டின் கதையும் அப்படியே. அதில் நாறும் சரக்கைச் சேர்த்து விற்றதே, தெரியாமல் யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். அந்தப் பாராகுவாட்டை 2002-இல் விலக்கப் போவதாகச் சொன்னார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், கடைசியாக 2020 ஜனவரி 1 முதல் தடை செய்தார்கள். மருந்து அடித்த நம் பெண்களின் நகங்கள் பட்ட பாட்டை யாரும் நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

அளவைக் கொஞ்சம் பார்ப்போம். 25 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள ஒரு குளம் 10 லட்சம் லிட்டர் பிடிக்கும். களைக்கொல்லியான 2,4-டி குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அஃதாவது அக்குளம் முழுவதற்கும் 30 கிராம். இரண்டு மேசைக்கரண்டி! கலவை போடும் இடத்தில் சிந்தினால் போதும். ஐரோப்பிய நாடுகளோ எந்தப் பூச்சிமருந்தும் 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கின்றன. அது ஒரு கோடி லிட்டரில் ஒரு கிராம்.

"கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறோம்" என்பார்கள். கொதி கிருமியைக் கொல்லும், களைக்கொல்லியை விரட்டாது. படிகாரம் மண்ணைப் படிய வைக்கும்; தண்ணீரில் கரைந்து நிற்கும் மருந்தை அவ்வளவாகத் தொடாது. இவற்றுட் பலவற்றை இழுத்துப் பிடிப்பது வீரியமூட்டிய கரி. தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் செய்கிறார்கள். அதுவும் நாளடைவில் நிரம்பிப் போகும், மாற்ற வேண்டும். குளோரினிலும் ஒரு சங்கடம் இருப்பதை ராட்டர்டாமில் ரூக் என்ற இரசாயனர் 1974-இல் காட்டினார்: ஆற்று நீரில் ஊறிய இலைதழைச் சத்துடன் சேர்ந்து அது குளோரோபாரம் முதலியவற்றை உண்டாக்குகிறது. அதற்காகக் குளோரினை நிறுத்தச் சொல்லாதீர்கள். வாந்திபேதி வந்த லயத்தை நம் பாட்டன்மார் கண்டிருக்கிறார்கள்.

இனி நம் விஷயம். தண்ணீர்ச் சோதனை அறிக்கை வேண்டும் என்று ஒரு தோட்டத்தில் கேட்டோம். மூன்று வாரம் கழித்து ஒரு தாள் வந்தது. கலங்கல் சரி, குளோரின் சரி, கிருமி இல்லை. பூச்சிமருந்து என்ற இடத்தில் ஒரு கோடு. "பார்த்தீர்களா, ஒன்றும் இல்லை" என்றார் அதிகாரி. கோடு என்றால் இல்லை என்று பொருளல்ல, தோழர்களே. பார்க்கவில்லை என்று பொருள். "கண்டறியப்படவில்லை" என்று எழுதியிருந்தாலும், எவ்வளவு வரை கண்டறியும் கருவி என்று கேட்க வேண்டும். ஒட்டுப்பால் நிறுக்கும் தராசில் தங்கத்தை வைத்தால் முள் அசையுமா?

சோதனைச்சாலையிலும் தேடிய பொருளே அகப்படும். ஆவியாகும் சரக்குக்கு ஒரு கருவி, கிளைபோசேட்டுக்கு வேறு முறை. எதைத் தேடுவது என்று யாராவது சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லக்கூடியது நம் ஆபீஸிலேயே இருக்கிறது: ஸ்டோர்ப் புத்தகம். எந்த மாதம் எந்த மருந்து எத்தனை லிட்டர் வெளியே போயிற்று, எந்தக் காட்டுக்குப் போயிற்று என்பதை எழுதுகிறவர்கள் கிராணிமாராகிய நாங்கள்தானே! அந்தப் பெயர்களைச் சோதனைத் தாளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்டோரில் ஐந்து பெயர், தாளில் ஒன்றுமில்லை என்றால் அந்தத் தாள் எதற்கு?

நாளும் முக்கியம். முன்கூட்டித் தகவல் கொடுத்து, மழையில்லாத காலையில் ஒரு போத்தல் நிரப்பினால் அது அந்த ஒரு நிமிடத்துத் தண்ணீர். மருந்து அடித்தபின் பெய்யும் முதல் மழைக்கு அப்புறம் எடுக்க வேண்டும். சுத்தமான போத்தலில் எடுத்து, வெயில் படாமல், ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். 1986 நவம்பர் 1-இல் பாசல் நகரத்து இரசாயனக் கிடங்கு எரிந்து, ரைன் நதியில் விலாங்கு மீன்கள் பெருந்தொகையாய் மடிந்தபின், அந்நாட்டார் ஆற்றங்கரை நெடுகக் கண்காணிப்பைப் பலப்படுத்தினார்கள். நாம் அவ்வளவு கேட்கவில்லை. மழைக்குப் பின் ஒரு போத்தல் கேட்கிறோம்.

தொழிலாளிக்குப் போதிய தண்ணீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டு வீடமைப்பு, வசதிகள் சட்டம் சொல்கிறது. நகரக் குழாய் எட்டாத தோட்டங்களில் குளத்து நீரையும் ஆற்று நீரையும் நம்பியிருப்போர் நம்மவர் மட்டுமல்லர். இந்தோனேசியத் தோழரும் வங்காளதேசத் தோழரும் அதே பைப்பில்தான் பிடிக்கிறார்கள். அவர்களுக்காகவும் சேர்த்தே கேட்போம்.

ஆகவே கிளைச் செயலாளர்கள் மூன்று விவரங்களை எழுத்தில் கேட்க வேண்டுகிறோம்: கடைசியாகச் சோதித்த தேதி, தேடிய மருந்துகளின் பெயர், கருவி காணக்கூடிய குறைந்த அளவு. காலி மருந்துப் பீப்பாய்களைத் தண்ணீர் பிடிக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் எங்காவது மிச்சமிருந்தால் இன்றே நிறுத்துங்கள். பீப்பாயைத் துளையிட்டுவிட்டே ஸ்டோரிலிருந்து வெளியே விடும்படி நாங்களும் பார்த்துக் கொள்கிறோம். வரும் பதில்களை அடுத்த செயலவைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பதில் வராத தோட்டங்களின் பட்டியலையும் கொண்டு வாருங்கள்.